பன்னிரண்டேகால் மணிக்கு ஒருவர் விழுந்தார்

இருபத்தாறு வருடப் போலீஸ் உத்தியோகத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் எதையாவது துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். அது ஒரு காகிதம். அதையும் பிடிக்க முடியவில்லை.

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு 'போலீஸ் அனுபவம்' ஒன்று எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். கொல்கத்தாத் தமிழர்கள் நடுவே கல்லெறிந்தால் பாங்கில் இருந்த ஒருவர் மேல் படும். போலீசில் இருந்தவர்கள் அபூர்வம். அதிலும் ஐம்பத்திரண்டு வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு லேக் கார்டன்ஸ் பால்கனியில் காலை ஆட்டிக்கொண்டிருப்பவன் நான் ஒருத்தன்தான். அவர் கேட்டது துப்பாக்கி, கொள்ளைக்காரன், பாலத்தின் மேல் ஜீப். நான் பணிக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவன். எனவே தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன்.

போன மாதம் என் பழைய ஸ்டேஷனிலிருந்து ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டான்.

"பெங்கோட்-தா, இப்போ டைரி எல்லாம் கம்ப்யூட்டர்ல. நாம எப்ப டைப் பண்றோமோ அந்த நேரத்தை அதுவே போட்டுக்குது. மாத்த விடமாட்டேங்குது. உங்க காலத்துல நேரத்தை எல்லாம் எப்படி சமாளிச்சீங்க?"

சமாளித்த லட்சணத்தை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவன் "ஒரு கால் வருது தாதா" என்று வைத்துவிட்டான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் வெங்கட். இந்த ஊரில் அது பெங்கோட். மரியாதைக்குப் பெங்கோட்பாபு, பாசத்துக்குப் பெங்கோட்-தா (தா, தாதா எல்லாம் இங்கே அண்ணன்), கோபத்துக்கு 'அந்த மத்ராஜி'. எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். என் பென்ஷன் தீர்க்காயுளோடு இருக்க வேண்டும். பேச்செல்லாம் வங்காள மொழியில் நடந்தது. நம் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

பவானிபூரில் வங்காளிப் பிள்ளைகளோடு படித்து, பட்டம் வாங்கி, வேறெதுவும் கிடைக்காமல் போலீசில் சேர்ந்தேன். பயிற்சியில் காலையில் ஓடவிட்டார்கள், மத்தியானம் சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். ஓட்டத்தில் கடைசி, சட்டத்தில் முதல். கைது செய்தால் அங்கேயே மெமோ எழுத வேண்டும், அந்தத் தெருக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், உடம்பில் ஒரு கீறல் இருந்தாலும் குறித்து அவன் கையெழுத்தும் வாங்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார் சட்ட வாத்தியார். லத்தியை எங்கே பிடித்தால் எங்கே இறங்கும் என்றார் டிரில் வாத்தியார். இரண்டு பேரும் ஒரே இலாகாவில் சம்பளம் வாங்கியவர்கள். ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை போலிருக்கிறது.

என் ஆங்கிலக் கையெழுத்து மணிமணியாக இருக்கும். அதுதான் வினை. உதவி சப்-இன்ஸ்பெக்டராக வந்த முதல் வாரமே என்னை வாசல் மேஜையில் உட்காரவைத்து, முன்னால் ஜெனரல் டைரியைப் போட்டார்கள்.

ஜெனரல் டைரி என்பது ஸ்டேஷனின் ஜாதகம். யார் வந்தார், யார் போனார், யாருடைய மாடு தொலைந்தது எல்லாம் வரிசை எண்ணோடும் நேரத்தோடும் அதில் ஏற வேண்டும். நடுவில் வரி விடக்கூடாது. அழிக்கக்கூடாது. பக்கத்துக்கு அடியில் கார்பன். அசல் புத்தகத்தில் தங்கும். கார்பன் பிரதி தினம் ஒரு முறை டிவிஷன் ஆபீசுக்குப் போகும். ஸ்டேஷனில் பின்னால் எதையும் மாற்றி எழுதாமல் இருக்க வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு. அந்தப் பிரதியை யாரும் படிப்பதில்லை என்பது நாங்கள் செய்த ஏற்பாடு.

நான் யாரையும் ஒரு தட்டுத் தட்டியதில்லை. கல்யாண வீடுகளில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். என் வேலை வேறு. அடிபட்டு வந்தவர்களை விழுந்து வந்தவர்களாக மாற்றுவது.

எங்களிடம் விழுவதற்கு மூன்று இடங்கள் இருந்தன. ஸ்டேஷனுக்குள் என்றால் குளியலறை. தெருவில் என்றால் சாக்கடை. மற்ற எல்லாவற்றுக்கும் படிக்கட்டு. 'தப்பியோட முயன்றபோது படிக்கட்டில் கால் தவறி விழுந்து' என்ற வாசகம் என் பேனாவிலிருந்து குழாய்த் தண்ணீர் மாதிரி வரும். ஒரு வருடம் ஸ்டேஷன் படிக்கட்டில் அத்தனை பேர் விழுந்ததால், டிவிஷன் ஆபீசில் தப்பித்தவறி யாரோ படித்துவிட்டு, படிக்கட்டு அபாயகரமாக இருப்பதாகக் குறிப்பெழுதி, கொத்தனாரை அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் சிமெண்ட் பூசி இரும்புக் கைப்பிடியும் போட்டார். அதற்கப்புறம் எங்கள் படிக்கட்டில் ஒருவரும் விழவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டுப் படிக்கட்டில் விழ ஆரம்பித்தார்கள்.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரியை இங்கே பொரோபாபு என்பார்கள், பெரியவர் என்று அர்த்தம். நான் பல பொரோபாபுக்களைப் பார்த்தவன். இந்தக் கதைக்கு உரியவர் குரலே எழுப்ப மாட்டார். பதினொரு மணிக்குப் பித்தளைக் கிண்ணத்தில் பொரி வரும். கடுகெண்ணெய், பச்சைமிளகாய், நாலு நிலக்கடலை. கடலையைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, பொரியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே உத்தரவு கொடுப்பார். 'அடி' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "கொஞ்சம் புரியவச்சுக் கூட்டிட்டு வா" என்பார். அவ்வளவுதான். புரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் நொண்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என் மேஜைக்கு வருவார். "விழுந்தானா, பெங்கோட்பாபு?"

"விழுந்தான் ஸார்."

"பாவம். ஜாக்கிரதையா நடக்க வேண்டாமோ?"

புரியவைக்கும் பொறுப்பு பெரும்பாலும் சுபீருடையது. அவன் பெயரை மாற்றியிருக்கிறேன். முப்பது வயது சப்-இன்ஸ்பெக்டர், நல்ல உயரம், கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிறவன். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவியின் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். வாசலில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. எங்கள் எல்லையில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து புகார். அவர் கேட்டுக்கு முன்னால் பள்ளிக்கூட வேன் ஒன்றைத் தினமும் நிறுத்துகிறான், கேட்டால் ஜாக்கி ராடைத் தூக்கிக் காட்டுகிறான் என்று. வேன் டிரைவர் பெயர் பிகாஷ். பொரோபாபு ஒரு பொரியை வாயில் போட்டார். "சுபீர், கொஞ்சம் புரியவச்சு..."

பதினொன்று இருபதுக்கு சுபீர் கிளம்பினான். புறப்பாட்டைக் குறித்தேன்.

அன்றைக்கு என் வீட்டில் மைத்துனன் குடும்பத்துக்குச் சாப்பாடு. பன்னிரண்டரைக்குக் கிளம்பினால்தான் ஒரு மணிக்கு வீடு. சுபீர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தால் ரசம் ஆறும், மனைவி ஆற மாட்டாள். நான் என்ன செய்தேன் என்றால், எப்போதும் செய்கிறதைத்தான் செய்தேன். சுபீர் போனால் என்ன நடக்கும் என்று தெரியும். அதை முன்கூட்டியே எழுதி, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டுவைப்பது என் வழக்கம். அன்றைக்கு அவசரத்தில் நேரத்தையும் போட்டுவிட்டேன்.

'பகல் 12.15. சப்-இன்ஸ்பெக்டர் குற்றம்சாட்டப்பட்டவருடன் திரும்பினார். மேற்படி நபர் தாக்கிவிட்டுத் தப்பியோட முயன்றபோது படிக்கட்டில் கால் தவறி விழுந்து, இடது முன்கையிலும் இடது புருவத்திலும் காயம்.'

எழுதி முடிக்கவும் வீட்டிலிருந்து போன். "ஏங்க, வரும்போது லேக் மார்க்கெட்ல கறிவேப்பிலை. போன தடவை மாதிரி வாடினதை வாங்கிட்டு வந்து நிக்காதீங்க." கறிவேப்பிலையின் தரம் பற்றிய விவாதம் சிறிது நேரம் நடந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் பெரிய மேட்ச். கார்பன் பிரதி வாங்க வழக்கமாக ஒன்றரைக்கு வரும் டிவிஷன் ஆபீஸ் பியூன், மேட்ச் பார்ப்பதற்காகப் பதினொன்றரைக்கே வந்தான். மேஜையில் பக்கம் நிறைந்து கிடந்தது. கிழித்தான், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டான், போனான்.

பன்னிரண்டரைக்கு சுபீர் பிகாஷைக் கொண்டுவந்தான்.

நாற்பது வயது இருக்கும். நீலச் சட்டை, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. இடது கையை வலது கையால் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஏந்திக்கொண்டிருந்தான். இடது புருவத்திலிருந்து ரத்தம் காது வரை வழிந்து காய்ந்திருந்தது. பின்னாலேயே அவன் மனைவி ஷிகா ஓடிவந்தாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம், தெரு முழுக்கத் தாய்மார்கள், எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் செல்போனில் படம் எடுத்தாராம். அந்தச் செல்போனும் விழுந்துவிட்டதாம்.

"தாதா, நான் ஒண்ணும் பண்ணலை" என்றான் பிகாஷ். "குழந்தைங்க ஏறிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் பாபுன்னேன். அவ்வளவுதான்." அப்புறம், நான்தான் டாக்டர் என்கிற மாதிரி கையை என் பக்கம் நீட்டினான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு வளைவு. "இது கியர் போடுற கை, தாதா. கியர் போட முடியுமா?"

நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம். கியர் இடது கைக்கு. அவனுக்கு வேறெந்தத் தொழிலும் தெரியாது. போலீசைத் தாக்கினான் என்று வழக்கு நின்றுவிட்டால் எந்தப் பள்ளிக்கூடமும் குழந்தைகளை அவனிடம் ஒப்படைக்காது. கையும் போய், பெயரும் போகும். இதையெல்லாம் ஷிகா அழாமல், அடுக்கடுக்காகச் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகைக்கு 'நாற்காலியில் உட்காரும்மா' என்ற பதில் தயாராக இருந்தது.

காயக் குறிப்பில் அவன் கையெழுத்து வாங்க வேண்டும். நீட்டினேன்.

"என்ன எழுதியிருக்கு தாதா?"

"விழுந்துட்டேன்னு."

"எங்க?"

"படிக்கட்டுல."

"எந்தப் படிக்கட்டுல?"

இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"நான் விழலை தாதா" என்றான். "ரெண்டு அடி. ரெண்டுக்கும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். குழந்தைங்க பார்த்துச்சு, அதனால விழலை. அடிச்சதை எழுத வேணாம். விழலைன்னு மட்டும் எழுதுங்க."

பார்வையை டைரிக்குத் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன். அடிக்கட்டை மட்டும் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. கார்பன் பிரதி இல்லை. சுவரில் மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. பியூன் கையெழுத்துப் போட்டிருந்த நேரம் பதினொன்று முப்பது.

பன்னிரண்டேகால் மணிக்கு விழுந்தவனைப் பதினொன்றரைக்கே டிவிஷன் ஆபீசுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

என் பீதி தனி ரகம். சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வாய் உலரும். எனக்குக் கால் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். தொப்பியில்லாமல், போனை எடுக்காமல், மேஜைப் பேனாவை அதன் நூலோடு அறுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். பஸ்ஸில் தொங்கினேன். சிக்னலில் நின்றதும் இறங்கி ஓடினேன். நான் இறங்கியதும் பஸ் கிளம்பி என்னை முந்திக்கொண்டு போனது. யூனிபார்ம் போட்ட குண்டு மனிதர் பேனாவை நீட்டிக்கொண்டு ஓடுவதைக் கண்டு ஜனங்கள் வழிவிட்டார்கள். ஒரு நடைபாதை வியாபாரி கடையையே சுருட்டிவிட்டார்.

டிவிஷன் ஆபீசில் தபால் வாங்குகிற இடத்தில் மிதாலி என்ற அம்மாள், எங்கள் எல்லாருக்கும் தீதி, அதாவது அக்கா. மடியில் உல்லன் பின்னல், பக்கத்தில் முத்திரைக் கட்டை. என் டைரித் தாள் அவர் மேஜையில், மேலே ஊதா மையில் முத்திரை. 'பெறப்பட்டது, 11.55.'

"தீதி, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கொடுங்க. ஒரு சின்னத் திருத்தம்."

"முத்திரை குத்திட்டேனே தாதா."

"கால் புள்ளி விட்டுப்போச்சு."

"கால் புள்ளிக்கா இப்படி மூச்சு வாங்குது?"

அங்கேதான் என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். சரி என்று திரும்பியிருந்தால் அந்தத் தாள் ஆயிரம் தாள்களோடு கட்டிவைக்கப்பட்டு, எலிக்கு உணவாகியிருக்கும். நான் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினேன். மிதாலிதி தாளைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, படித்தார். முத்திரையைப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"பன்னிரண்டு வருஷமா முத்திரை குத்துறேன். இன்னிக்குத்தான் ஒண்ணைப் படிச்சேன்" என்றார். "நல்லா எழுதறீங்க தாதா. என் பொண்ணு பரீட்சை ரிசல்ட்டையும் பார்த்துச் சொல்லுவீங்களா?"

தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். நான் கறிவேப்பிலை வாங்காமல் வீடு சேர்ந்தேன். அந்த விசாரணை தனியாக நடந்தது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், பிகாஷைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தினார்கள். ஷிகா ஒரு வயதான பெண் வக்கீலைப் பிடித்திருந்தாள். அந்த அம்மாளுக்கு எங்கள் தொழில் அத்துபடி. ஸ்டேஷன் டைரியை அவர் கேட்கவே இல்லை. "டிவிஷன் ஆபீசில் இருக்கும் கார்பன் பிரதியை வரவழைக்க வேண்டும்" என்று மட்டும் கேட்டார். மாஜிஸ்ட்ரேட், அந்தப் பிரதியும் டைரி எழுதியவரும் இரண்டு நாளில் வர வேண்டும் என்று உத்தரவிட்டு, பிகாஷை மாவுக்கட்டோடு ஜெயில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பொரோபாபு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோபிக்கவில்லை. பொரிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். அதுதான் பயமாக இருந்தது.

"படிக்கட்டுப் பிரச்சினை இல்லை" என்றார். "வேனுக்குப் பின்னால இரும்புப் படி இருக்கு, குழந்தைங்க ஏற. முழுப் படிக்கட்டு எதுக்கு, விழறவனுக்கு ஒரு படி போதும். நேரம்தான் பிரச்சினை." கண்ணாடியைத் துடைத்தார். "நம்ம கடிகாரம் ஐம்பது நிமிஷம் ஃபாஸ்ட், பெங்கோட்பாபு."

"இல்லையே ஸார், சரியாத்தானே..."

ஸ்டூல் போட்டு ஒரு கான்ஸ்டபிள் ஏறினார். ஐம்பது நிமிடம் முன்னால் தள்ளினார். இனி அது ஃபாஸ்ட். கோர்ட்டிலிருந்து யாராவது வந்து பார்க்கும்வரை தொடக்கூடாது என்று உத்தரவு. அடுத்த இரண்டு நாள் எங்கள் ஸ்டேஷன் ஊருக்கு முன்னால் ஓடியது. எல்லாரும் ஐம்பது நிமிடம் முன்னதாகச் சாப்பிட்டார்கள், முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். வரும்போது மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து வந்தார்கள். "என்னங்க, அதிசயமா சீக்கிரம் வந்துட்டீங்க" என்றாள் மனைவி. சுபீர் ஒருவன்தான் சிரிக்கவில்லை. "தாதா, நீங்க கைவிட்டுட மாட்டீங்களே?" என்றான். "சேச்சே" என்றேன். இரண்டு ராத்திரியும் கண்ணாடி முன் நின்று 'ஐம்பது நிமிஷம் ஃபாஸ்ட் ஹுஜூர்' என்று சொல்லிப் பழகினேன்.

அந்த நாள். கோர்ட்டில் ஒரு மூலையில் பிகாஷ், மாவுக்கட்டோடு. பெஞ்சில் ஷிகா. முன்வரிசையில் பொரோபாபுவும் சுபீரும். மாஜிஸ்ட்ரேட் இளம் பெண், என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். டைரியை மார்போடு அணைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினேன். அதற்கு ஒரு படி உண்டு. கால்கள் அவற்றின் வழக்கப்படி தானாக நடந்ததில் அந்தப் படியை அவை கவனிக்கவில்லை.

விழுந்தேன். டைரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அத்தனை விழுதல்களை எழுதியவன் நேரில் கண்ட முதல் உண்மையான படி விழுதல் அதுதான்.

"அடிபட்டதா?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"இல்லை ஹுஜூர்." உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். இரண்டும் தோல் உரிந்திருந்தன. பேண்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

பெண் வக்கீல் எழுந்தார். "ஹுஜூர், விழுகிற மனிதர் கையை ஊன்றுவார். இவர் உள்ளங்கையைப் பாருங்கள். என் கட்சிக்காரர் உள்ளங்கையையும் பாருங்கள். டாக்டர் குறிப்பில் அங்கே ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. முழங்காலிலும் இல்லை."

பொரோபாபு கண்ணாடியைக் கழற்றினார்.

மாஜிஸ்ட்ரேட் கார்பன் பிரதியை எடுத்தார். "பன்னிரண்டேகால் சம்பவம் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு டிவிஷன் ஆபீசில் இருந்திருக்கிறது. எப்படி?"

"எங்கள் கடிகாரம் ஐம்பது நிமிஷம் ஃபாஸ்ட் ஹுஜூர்." கண்ணாடி முன் பழகியதைவிட நன்றாகவே வந்தது.

"கைது மெமோவில் 12.10 என்று இருக்கிறது. சாட்சி, பள்ளிக்கூட வாட்ச்மேன். பள்ளிக்கூடம் விடுவது பன்னிரண்டுக்கு. பள்ளிக்கூட மணியும் ஐம்பது நிமிஷம் ஃபாஸ்டா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் பீதியின் கடைசிக் கட்டம் அது. பிகாஷைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல், இரண்டு, மூன்று, நாலு. கியர்.

"நான் முன்னாடியே எழுதிட்டேன் ஹுஜூர்" என்றேன்.

"எதை?"

"எல்லாத்தையும். சுபீர்பாபு கிளம்பினதும் எழுதிட்டேன்."

"அவர் போய்ச் சேருவதற்கு முன்பா?"

"ஆமாம்."

மாஜிஸ்ட்ரேட் தாளை மறுபடி படித்தார். "அப்படியானால் இடது முன்கை, இடது புருவம் என்று எப்படித் தெரிந்தது?"

"சுபீர்பாபு வலது கைக்காரர், ஹுஜூர்."

முதலில் கோர்ட் முழுக்கச் சிரித்தது. நானும் அதை ஒரு சாதாரணத் தகவலாகத்தான் சொன்னேன். வலது கையால் லத்தி வீசினால் எதிரே நிற்பவனின் இடது பக்கம் வரும். அவன் இடது கையைத் தூக்கித் தடுப்பான். முதல் அடி முன்கையில், கை இறங்கியதும் இரண்டாவது புருவத்தில். மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அது மனப்பாடம். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

"இதுக்கு முன்னால் எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருக்கிறீர்கள்?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. "இவர் விழலை ஹுஜூர்" என்றேன். "அதை எழுதச் சொல்லிக் கேட்டார். நான் எழுதலை."

பிகாஷ் அன்றைக்கே ஜாமீனில் போனான். பிற்பாடு வழக்கும் தள்ளுபடியானது. சுபீருக்குத் துறை விசாரணை, தொலைதூர மாற்றல். இப்போது பயிற்சிப் பள்ளியில் கைது நடைமுறைகள் பற்றிப் பாடம் எடுக்கிறான் என்று கேள்வி. நன்றாகவே எடுப்பான், புத்திசாலிப் பையன். அப்புறம் அவன் ரசம் குடிக்க வரவில்லை. பொரோபாபு உரிய காலத்தில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். விழாவில் அவருக்குச் சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். அதை யார் தேர்ந்தெடுத்தது என்று எனக்குத் தெரியாது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். என்னைக் கைப்பற்றிய பொருட்களின் கிடங்குக்கு அனுப்பினார்கள். துருப்பிடித்த சைக்கிள்களுக்குச் சில வருடம் காவல். அவை எதுவும் தப்பியோட முயலவில்லை. அப்புறம் விருப்ப ஓய்வு.

செயலாளர் இதற்கு 'நீதிக்காக நின்ற தமிழர்' என்று தலைப்புப் போட்டுவிடுவாரோ என்று பயம். வேண்டாம் ஐயா. நான் நிற்கவில்லை, விழுந்தேன். விழுந்த அதிர்ச்சியில் வாயிலிருந்து ஒன்று தெறித்தது. மாஜிஸ்ட்ரேட் கேட்ட அந்தக் கேள்விக்கு உரிய மற்றவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. எந்தெந்தப் படிக்கட்டில் விழவைத்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என்னைப் போனில் கேட்ட தம்பிக்கு: அந்தக் கம்ப்யூட்டர் நேரத்தை மாற்ற விடவில்லையா? அதற்குத் தினம் ஒரு பூ வை.

போன ஆடி மாதம் லேக் கார்டன்ஸில் நல்ல மழை. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. குடை மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. மஞ்சள் வேன் ஒன்று என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. இடது புருவத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

"பெங்கோட்பாபுதானே? ஏறுங்க."

"இல்லை, பக்கத்துலதான்... நடந்தே..."

"பெரிய மனுஷன் நனையலாமா? குழந்தைங்களை விட்டாச்சு, வண்டி காலி. பின்னால வாங்க."

பின்னால் போனேன். இரும்புப் படி. மழையில் பளபளத்தது. காலைத் தூக்கினேன்.

"பார்த்து தாதா" என்றார் பிகாஷ், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. "அங்க ஒரு படி இருக்கு. விழுந்துடப் போறீங்க."

குரலில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. குழந்தைகளிடம் தினமும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறி, குழந்தைகள் உட்காரும் தாழ்வான சீட்டில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. கியர் மாற்றும்போது அவர் கை முழுதாக நீளவில்லை. ஒவ்வொரு முறையும் தோளைச் சேர்த்துத் தூக்கி முன்னால் தள்ள வேண்டியிருந்தது. முதல், இரண்டு, மூன்று. என் வீடு போய்ச் சேருவதற்குள் ஒரு சிக்னல், இரண்டு வேகத்தடை. பதினொரு தடவை கியர் மாற்றினார். எண்ணிக்கொண்டு வந்தேன்.